மெதுவாகப் பேசிய மனிதர்

அந்த மனிதர் என்னிடம் மிக நன்றாகப் பேசினார். நடந்ததை வங்கியில் சொல்லியிருக்கிறேன், காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறேன், என் அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் "மிரட்டினானா?" என்றே கேட்டார்கள். நானும் தலையாட்டி வைத்தேன். அவர் மிரட்டவே இல்லை. அன்று காலையிலிருந்து என்னிடம் பேசியவர்களில் என்னை அவசரப்படுத்தாதவர் அவர் ஒருவர்தான்.

இப்போதுகூட எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. 'அவன்' என்று மாற்றிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது. அதையும் சேர்த்தே இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

விவரம் தெரியாதவள் ஏமாந்தாள் என்று யாராவது நினைத்தால் எனக்கு அது சலுகைதான். ஆனால் நான் முதுகலை படித்தவள். குழந்தை பிறக்கும்வரை ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். நாங்கள் இருக்கும் கொல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் "ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையை மாதம் தவறாமல் அனுப்பியது நான்தான். பாலிகஞ்சில் இருக்கும் வயதான மாமா ஒருவர் ஒவ்வொரு முறையும் கைகூப்பிய படம் போட்டு நன்றி சொல்வார். இப்போது அந்தக் குழுவில் நான் எதுவும் அனுப்புவதில்லை. ஏன் என்று அவர் ஒருமுறை கேட்டார். வேலை அதிகம் என்று பதில் போட்டேன்.

என் மகனைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கணவருக்கு மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை. மாற்றல் வந்து நாங்கள் கொல்கத்தாவுக்கு வந்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி வீடு. நான் எழுதும் இந்தச் சம்பவத்தின்போது அவனுக்கு மூன்றரை வயது. அவன் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பந்து, தா, அப்பா, பூ. அம்மா என்பது அழும்போது மட்டும் வரும்.

வீட்டுக்குள் தமிழ், வேலைக்கு வரும் மாஷியிடம் வங்காளம், மழலையர் பள்ளியில் ஆங்கிலம், ஏரிக்கரைப் பூங்காவில் மற்ற குழந்தைகளுடன் இந்தி. "குழந்தைக்குக் குழப்பம். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள்" என்றார் பள்ளியின் தலைமை ஆசிரியை. என் கணவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே அவன் காதுல தமிழ் மட்டும்தான் விழணும். நீ ஃபோன் பேசினாலும் சரி, கொரியர்காரன் வந்தாலும் சரி."

சொன்னதைச் செய்கிற ஆள் நான். கொரியர்காரரிடம் இந்தியில் பேச மாடிப்படிக்குப் போய்விடுவேன். டிவியை நிறுத்தினேன். மாஷியிடமும் சொன்னேன். காய் நறுக்கும்போதெல்லாம் அவனிடம் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பார் அவர்; அவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். என் அரைகுறை வங்காளத்தில், அவனிடம் பேச வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஆச்சா" என்றார், சரி என்பதுபோல. அன்றிலிருந்து நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல அவனைத் தாண்டிப் போனார். சில நாட்கள் அவன் வாசலில் போய் உட்கார்ந்து பார்த்தான். பிறகு போவதை நிறுத்திவிட்டான்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெண்தான் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தாள். என்னைவிடச் சின்னவள். சனிக்கிழமைதோறும் லேப்டாப் வழியாக வருவாள். தமிழில் சொல்லித் தருபவர்கள் கிடைப்பது அரிது என்பதால் அவளிடம் பெரிய வரிசை காத்திருந்தது. தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் அந்த நேரம் வேறு குழந்தைக்குப் போய்விடும். முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"மத்தவங்க வேற பாஷை பேசுறதால ஒண்ணும் ஆகாதுக்கா. அவன் பேச்சை நிறையக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றும் அவள் சொல்லியிருந்தாள். அதைக் கணவரிடம் சொன்னேன். "ரிஸ்க் எதுக்கு?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எது செய்தாலும் பிறகு யாராவது 'நீ ஏன் அப்படிச் செய்தாய்' என்று கேட்பார்களோ என்ற பயத்திலேயே நான் எல்லாவற்றையும் முடிவு செய்வேன்.

அவள் காத்திருந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. இரண்டு வார்த்தை சேர்ந்து வர வேண்டும். 'தண்ணி தா', 'பந்து போடு', எதுவானாலும் சரி. "அது வந்துடுச்சுன்னா வழி திறந்துரும்க்கா" என்பாள். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வாராவாரம் சொல்வாள். சின்னச் சின்னதாகப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவன் என்ன செய்தாலும் உடனே பாராட்டுங்கள். எனக்கு இது மனப்பாடம். செய்ய மட்டும் வராது. "தண்ணி வேணுமா? தண்ணி சொல்லு. சொல்லுடா கண்ணா, தண்ணி, தண்ணி" என்று அவன் மூச்சு விடுவதற்குள் நான் பத்து வார்த்தை பேசிவிடுவேன். அவன் டம்ளரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், வாயை மூடிக்கொள்வான்.

அந்தச் சம்பவம் நடந்த வாரத்துக்கு முந்தைய வாரம் அவனுக்குக் காய்ச்சல். வகுப்பு நடக்கவில்லை. இந்த வாரமும் போனால் நேரம் போய்விடும். அதனால்தான் மதியமே லேப்டாப்பைத் திறந்துவைத்தேன். கீழே தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாஷி வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார். வகுப்பில் காட்ட ஒரு யானைப் படம் தேடிக்கொண்டிருந்தேன். எதை அழுத்தினேன் என்று தெரியாது. திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் போல ஒரு சத்தம். நடுவில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் கணினி பூட்டப்பட்டுள்ளது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

மகன் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டான். எதை அழுத்தினாலும் சத்தம் நிற்கவில்லை. வகுப்பைக் கைபேசியிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். பிறகு எல்லோரும் கேட்டது அதைத்தான். தோன்றாமல் இல்லை. ஆனால் கைபேசியைப் பார்த்தால் அவன் பிடுங்குவான், பெரிய திரைதான் நல்லது என்று பயிற்சி தரும் பெண் சொல்லியிருந்தாள். சொன்னதைச் சொன்னபடி செய்யாவிட்டால் அதனாலேயே அவன் பேசாமல் போய்விடுவானோ என்று இருந்தது. திரையில் இருந்த எண்ணை அழைத்தேன்.

எடுத்த ஆள் முதலில் இந்தியில் பேசினார். எந்த மொழி வேண்டும், இந்தியா, வங்காளமா, ஆங்கிலமா என்று கேட்டார். மூன்றும் எனக்கு ஓரளவு வரும். ஆனால் அழுகிற குழந்தை என் இடுப்பில் இருந்தான். அவன் காதில் தமிழ் மட்டும்தான் விழ வேண்டும். தமிழில் பேச யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். காத்திருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் இசை ஓடியது.

"வணக்கம் மேடம். சொல்லுங்க, என்ன ஆச்சு?"

இந்த ஊரில் கடையில், வங்கியில், மருத்துவமனையில், எங்கேயும் எனக்குத் தமிழில் வணக்கம் சொன்னவர் இல்லை. தமிழுக்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள் என்றால் இது பெரிய நிறுவனமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். திருடன் எதற்கு இவ்வளவு மெனக்கெடப் போகிறான்? அந்த நேரத்தில் அது ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனையாகத் தோன்றியது. பிறகு காவல் நிலையத்தில் இதைச் சொன்னபோது அந்த அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எல்லா மொழிக்கும் ஆள் வைத்திருப்பார்கள்" என்றார்.

"கம்ப்யூட்டர் லாக் ஆயிடுச்சுங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல பையனுக்கு க்ளாஸ் இருக்கு, சத்தம் நிக்கவே மாட்டேங்குது, அவன் வேற…"

"மேடம், மேடம். குழந்தை அழுவுறாப்ல இருக்கு. முதல்ல அவங்களைப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

நான் மகனைத் தரையில் உட்காரவைத்து, அவனுக்குப் பிடித்த பொம்மை பஸ்ஸைக் கையில் கொடுத்தேன். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஹாரன் அடிக்கும் பஸ். தண்ணீர் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் உண்மையிலேயே காத்திருந்தார். கை இரண்டும் வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், கீபோர்டுல மேல, இடது ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும். பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"சூப்பர். அது மேல விரலை வைங்க."

"வச்சுட்டேன்."

"இப்ப அழுத்துங்க."

சொல்லிவிட்டு அமைதியாக இருந்தார். நான் அழுத்தினேன். சைரன் நின்றது. வீடே மூச்சு விட்டதுபோல இருந்தது. மகனின் விசும்பலும் நின்றது.

"ரொம்ப அழகா பண்ணீங்க மேடம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தியதற்கு.

அதன் பிறகு நிறைய பொத்தான்கள். ஒரு செயலியை இறக்கச் சொன்னார். அவர் திரையைப் பார்ப்பதற்காக என்றார். என் லேப்டாப்பில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. சிவப்புக் குறிகள் நிறைந்த ஒரு பட்டியலைத் திறந்து காட்டி, வெளிநாட்டிலிருந்து யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். செய்ததும் பாராட்டினார். எனக்கு இதெல்லாம் அவ்வளவாக வராது என்று மன்னிப்புக் கேட்டேன்.

"யார் மேடம் அப்படிச் சொன்னது? எங்கிட்ட பேசுறவங்கள்ல நீங்கதான் டக்குனு புரிஞ்சுக்கறீங்க."

"சும்மா சொல்லாதீங்க."

"நெஜமா மேடம். நேத்து ஒரு சார், மவுஸ் எங்க இருக்குன்னு என்கிட்டயே கேக்கறார்."

நான் சிரித்தேன். எழுதக் கூசுகிறது, ஆனால் சிரித்தேன். வகுப்புக்கு நேரமாகிறதே என்றதற்கு, "அதுக்குள்ள முடிச்சுக் குடுக்கறேன். நான் பொறுப்பு மேடம்" என்றார். என் மகன் விஷயத்தில் 'நான் பொறுப்பு' என்று அதுவரை வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எதற்கும் பொறுப்பு நான்தான். அவன் சாப்பிடாததற்கு, சளி பிடித்ததற்கு, பேசாததற்கு.

அம்புக்குறி வங்கிப் பக்கத்தைத் திறந்தபோது நான் ஏன் கேட்கவில்லை? கேட்டேன். பாதுகாப்பு வசதிக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் உடனே திரும்பி வந்துவிடும் என்றார். சரி என்று கடவுச்சொல்லைத் தட்டினேன். எனக்குள் ஏதோ ஒன்று லேசாகக் கூசியது. ஆனால் இவ்வளவு நேரம் பொறுமையாக உதவியவரைச் சந்தேகப்பட்டுப் பேச வாய் வரவில்லை. மரியாதைக் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எண்டர் பட்டன் தெரியுதா மேடம்? விரலை வைங்க. இப்ப அழுத்துங்க."

"இப்ப அழுத்துங்க."

இரண்டாவது குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. திரும்பினேன். மகன் பஸ் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தான். அழுத்தினான். ஹாரன் அடித்தது. என்னைப் பார்த்து மறுபடி, தெளிவாக, "இப்ப அழுத்துங்க" என்றான்.

"மேடம்? இருக்கீங்களா?"

"என் பையன் பேசிட்டான்ங்க!"

"என்ன மேடம்?"

"ரெண்டு வார்த்தை… சேத்து… இதுவரைக்கும் பேசினதே இல்லைங்க அவன்!"

 "வாழ்த்துக்கள் மேடம். தம்பி நல்லா வருவான். இப்ப உங்க ஃபோன்ல ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றார்.

நான் மகனைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணைப் படித்தேன். யாரிடமும் பகிராதீர்கள் என்று அதற்கு மேலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னது பொய். பார்த்தேன். மகிழ்ச்சியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் குரலில் ஒவ்வொரு எண்ணாக, அவர் சொல்லித் தந்ததைப் போலவே மெதுவாக, படித்தேன்.

தொடர்பு அறுந்தது. திரை கறுத்தது. கைபேசி விடாமல் மணியடித்தது, ஒன்றன்பின் ஒன்றாகக் குறுஞ்செய்திகள். அந்தக் கணக்கு என் பெயரில் இருந்தது. மகனின் பயிற்சிக்கென்று அம்மா அனுப்புவதையும் என் பழைய சேமிப்பையும் அதில்தான் வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று. வகுப்பும் போயிற்று. லேப்டாப் கெட்டுவிட்டது என்று அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பி, இந்த ஒரு முறை மட்டும் என்று கெஞ்சினேன். அவள் சம்மதித்தாள்.

அன்று சனிக்கிழமையிலும் அலுவலகம் போயிருந்த கணவர் சாயங்காலம் வந்ததும் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை அவர்.

"நீதானே ஊருக்கெல்லாம் அனுப்புவ? ஓடிபி சொல்லாதீங்க, ஓடிபி சொல்லாதீங்கன்னு! அது என்ன மத்தவங்களுக்கு மட்டுமா?"

"க்ளாஸ் டைம் ஆயிடுச்சுங்க, சத்தம் வேற…"

"ஃபோன்ல வச்சிருக்கலாமே க்ளாஸை! ஒரு ஃபோன் எனக்குப் பண்ணியிருக்கலாமே!"

 மகன் பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தான். "இப்ப அழுத்துங்க" என்றான்.

கணவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன சொன்னான்?" என்றார் என்னிடம். மகன் மறுபடி சொன்னான். அவர் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஹாரன். மறுபடி. ஹாரன். அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. உடனே கைபேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார், என் மாமியார் திரும்ப அழைத்து, "டேய் ராஜா! மரியாதையா 'ங்க' போட்டுப் பேசறான்டா!" என்று கத்தியது எனக்கும் கேட்டது.

"போனது போகட்டும் விடு" என்றார் என்னிடம். "இதுக்கு முன்னாடி அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். வார்த்தைகூட இல்லை. அடுத்த வாரம் கடன் வாங்கிய லேப்டாப்பில் அந்தப் பெண் வந்தபோது, கணவரும் பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"செம்மக்கா! எப்படி வந்துச்சு? எந்த நேரத்துல, யார் சொல்லிக் கேட்டான்? அது ரொம்ப முக்கியம்."

கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "லிஃப்ட்ல" என்றேன். "பட்டன் அழுத்தும்போது நான் சொல்வேன்."

அவள் அதை அப்படியே நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன காரணம்? ஒரு தாய் எதற்கு இதில் பொய் சொல்வாள்? அந்தப் பொய்யின் மேல்தான் அவள் அடுத்த பயிற்சியை எல்லாம் கட்டினாள். தினமும் லிஃப்ட் விளையாட்டு. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் பழையது. இரண்டு கம்பிக் கதவுகளையும் இழுத்துச் சாத்தினால்தான் நகரும். மேலே போவோம், கீழே வருவோம். கீழ்வீட்டு அம்மாள் வாசலில் நின்று, "எக்கனோ கதா போல்ச்சே நா?" என்று கேட்பார். இன்னும் பேசவில்லையா? மகன் பொத்தானைப் பார்ப்பான். நான் "இப்ப…" என்று ஆரம்பித்து, பொறுக்க முடியாமல், "சொல்லுடா, இப்ப அழுத்துங்க, சொல்லு, அன்னைக்குச் சொன்னியே" என்று கொட்டித் தீர்ப்பேன். அவன் பேசாமல் அழுத்துவான். நாளாக ஆக, பஸ்ஸோடு விளையாடும்போதும் சொல்வதை விட்டுவிட்டான்.

வாரங்கள் போயின. வேறு எந்த இரண்டு வார்த்தையும் சேரவில்லை. "ஒருவேளை அது தற்செயலா வந்திருக்கும்க்கா. அவன் இன்னும் ரெடியாகல. நாம கொஞ்சம் பின்னாடி போவோம், ஒத்தை வார்த்தையிலேர்ந்து மறுபடி ஆரம்பிப்போம்" என்றாள் அவள். என் வாயிலிருந்து வந்த ஒரு 'லிஃப்ட்' அவனைப் பின்னால் தள்ளிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கணவர் இருந்தார், சொல்லவில்லை. அவர் இல்லாத வாரத்திலும் சொல்லவில்லை.

பூஜை முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம் மேடம். உங்களுக்கு ஒரு ரீஃபண்ட் வந்திருக்கு."

அதே குரல். என்னை அவருக்கு ஞாபகமில்லை போலிருந்தது.  அணைக்க விரல் போனது. அப்போது, தரையில் தனியாக விளையாடிக்கொண்டிருந்த மகன் தலையை நிமிர்த்தினான். எழுந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கைபேசியையே பார்த்தான்.

நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"லேப்டாப் ஆன் பண்ணுங்க மேடம். அவசரமில்ல, மெதுவா. பண்ணியாச்சா?"

எதிரே லேப்டாப்பே இல்லை. "பண்ணிட்டேன்" என்றேன்.

"சூப்பர். எண்டர் பட்டன் மேல விரலை வைங்க. இப்ப அழுத்துங்க."

அவர் காத்திருந்தார். மகன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, "இப்ப அழுத்துங்க" என்றான்.

"அழுத்திட்டேன்" என்றேன் நான்.

"அழகா பண்ணீங்க மேடம்."

"அழகா பண்ணீங்க" என்றான் மகன்.

சமையலறை வாசலில் மாஷி கரண்டியோடு வந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன், ஆனாலும் நிறுத்தவில்லை. "மறுபடி சொல்லுங்க" என்றேன் கைபேசியிடம்.

"என்ன மேடம்?"

"புரியலைங்க. மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். மகனும் சொன்னான். இன்னொரு தடவை கேட்டேன். என் பணத்தை எடுத்தவரிடம், தெரிந்தே, ஒரு பிச்சைக்காரியைப் போல இன்னும் இரண்டு வார்த்தை கேட்டேன்.

"ஸ்கிரீன் எனக்கு வரலியே மேடம்" என்றவரின் குரல் திடீரென்று மாறியது. "அந்தப் பையனை வேற ரூமுக்கு அனுப்புங்க முதல்ல. டிஸ்டர்பா இருக்கு."

அணைத்தேன். மகன் கைபேசியைப் பிடித்து உலுக்கினான். "யார் அது?" என்று மாஷி வங்காளத்தில் கேட்டார். யாரும் இல்லை என்றேன். அவனோடு பேச வேண்டாம் என்று இந்த வீட்டில் நான் வாயடைத்தது அவரை. ஸ்பீக்கரில் போட்டு அவன் காதருகே நீட்டியது அந்தக் குரலை. முதல் தடவை நான் ஏமாந்தேன், சரி. இந்தத் தடவை யார் என்னை ஏமாற்றியது?

மறுநாள் மாஷியிடம், இனி அவனிடம் பேசுங்கள், எப்போதும்போலப் பேசுங்கள் என்றேன். "துமி தோ பாரோன் கொரேச்சிலே" என்றார். நீதானே வேண்டாம் என்றாய். அரிசியைக் களைந்துகொண்டே சொன்னார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பில், மகனை ஆரம்பிக்கவிடாமல், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் சொல்லிவிட நினைத்தேன். லிஃப்ட் இல்லை, நான் சொல்லித் தரவில்லை, போன மாதம் ஃபோனில் ஒருவர் என்னை ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டார், அவர் சொல்லக் கேட்டுத்தான் இவன் சொன்னான், இந்த வாரம் அதே ஆள் அழைத்தபோதும் சொன்னான், நான் அணைக்காமல் கேட்க வைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். பயிற்சியை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தினாலும் நியாயம்தான்.

அவள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆள் எப்படிப் பேசினார்னு பேசிக் காட்டறீங்களா?"

"எதுக்கு?"

"அவர் சொன்ன வேகம், சொல்லிட்டு விட்ட இடைவெளி, எல்லாம் அப்படியே. என்னைப் பாத்து இல்லக்கா. தம்பியைப் பாத்து."

பின்னால் அசைவு கேட்டது. கணவர் துண்டோடு கதவருகில் நின்றிருந்தார். எதிலிருந்து கேட்டார் என்று தெரியவில்லை. நான் திரும்பவில்லை. தரையில் மகனுக்கு எதிரே உட்கார்ந்து பஸ்ஸை நடுவில் வைத்தேன்.

"ஒண்ணும் அவசரம் இல்ல" என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அந்த மனிதரின் குரல் எனக்கு அவ்வளவு அப்படியே வந்தது. "பட்டன் தெரியுதா? சூப்பர். அது மேல விரலை வைங்க."

மகன் விரலை வைத்தான். நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான்.

நான் அடுத்ததைச் சொல்லாமல் நிறுத்தினேன். லேப்டாப்பிலிருந்து சத்தமில்லை. கதவருகிலும் சத்தமில்லை. சொல்லுடா, சொல்லுடா என்று தொண்டைவரை வந்ததை உதட்டைக் கடித்து அடக்கினேன். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினேன்.

மகன் என் முகத்திலிருந்து பார்வையை எடுத்தான். என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தான். பொத்தானிலிருந்து விரலையும் எடுத்துவிட்டான்.

"அப்பா அழுத்துங்க" என்றான்.

அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. லேப்டாப்பில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஹாரன் அடித்தது. மகன் அவர் மடியில் ஏறிக்கொண்டான். "அழகா பண்ணீங்க" என்று யாராவது சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வாய் வரவில்லை. கணவர் மகனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.